சொன்னவன் பெயரைச் சொல்லாதவர்

எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவன் வந்து குடியேறினால் அவன் பெயரைக் கேட்க மாட்டார்கள். "அவரு யாரு ஆளு?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொருவனும் யாராவது ஒருவருடைய ஆளாக இருந்தாக வேண்டும். கட்சிக்காரர் ஆள், கோயில் கமிட்டி ஆள், ஏலக்காய்க் கடைக்காரர் ஆள். நானும் பலருக்கு ஆளாக இருந்து, பிறகு எனக்கென்று ஆள் வைத்துக்கொண்டவன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் தார் சுமந்தவன், பின்னாளில் சொந்தமாகத் திராட்சைத் தோட்டமும் பழம் அடுக்குகிற ஷெட்டும் போட்டு, தன் பெயர் எழுதிய லாரியை மலையாளத்துக்கு அனுப்பினான் என்றால், மனிதர்களை எடை போடத் தெரியாமல் அது நடந்திருக்குமா? ஒருவன் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற விதத்தை வைத்தே, கைமாற்று கேட்க வந்திருக்கிறானா கலியாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறானா என்று சொல்லிவிடுவேன்.

நான் சொல்லப்போகிற வாத்தியாருக்குக் கழற்றச் செருப்பே கிடையாது. அங்கேயே எனக்கு முதல் சந்தேகம். வேண்டுதலா என்று கேட்டேன். "இல்லண்ணே, போற எடத்துல எல்லாம் தொலையுது" என்றார். வேறு விளக்கம் இல்லை.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோதுதான் அவர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து மாடி அறை ஒன்றில் குடியிருந்தார். மதுரையிலிருந்து வருகிற ஒரு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவார். திருவிழாக்களுக்குச் சிரிப்பு நாடகம் எழுதிக் கொடுப்பார். அதனால் ஊரில் அவரை வாத்தியார் என்பார்கள்; பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, நாடக வாத்தியார். இது போக, தேனியில் அச்சடித்து நாலு பக்கத்தில் சொந்தமாக ஒரு பத்திரிகையும் நடத்தினார். அதில் ஆற்றுப் படித்துறையில் கிடக்கும் துவைக்கிற கல் பேசுவது மாதிரி ஒரு பகுதி வரும். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அதை மட்டும் யாரையும் படிக்கச் சொல்லாமல் நானே படிப்பேன். ஒருமுறை அந்தக் கல் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: "இன்றைக்கு இரண்டு கட்சி வேட்டியும் ஒன்றாக வந்தது. கரையைப் பார்த்துத்தான் எது யாருடையது என்று பிரித்தேன். அழுக்கைப் பார்த்துப் பிரிக்க முடியவில்லை."

சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் அந்த வாரம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரு தோப்பில் கூடிப் பேசியது வாஸ்தவம். வெளியாள் யாரும் அங்கே இல்லை. அப்படியானால் இவரிடம் சொன்னது யார்?

அதுதான் அவருடைய சங்கதி. ஊர் உலகத்து ரகசியமெல்லாம் அவர் காதுக்குப் போய்ச் சேரும். யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பது மட்டும் ஒருக்காலும் வெளியே வராது. அவர் யாரையும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. சலூனிலும் டீக்கடையிலும் ஓரமாக உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். யார் டீ வாங்கிக் கொடுத்தாலும் குடிக்க மாட்டார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்க்க நமக்குத்தான் வாய் பரபரக்கும். ஏதாவது சொல்லிவிடுவோம். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஐயோ என்று இருக்கும்.

ஒரு இன்ஸ்பெக்டர் அவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, எழுதியதற்குத் தகவல் கொடுத்தவன் பெயரைக் கேட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்தானாம்: "சார், என் வாயில எனக்குச் சொந்தமான பேரு ஒண்ணுதான் இருக்கு. அது என் பேரு. வேணும்னா எழுதிக்கங்க." இன்ஸ்பெக்டருக்கே சிரிப்பு வந்து அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். ஊர் அதை நம்பவில்லை. "அம்புட்டு லேசா விடுவாகளா? இவரு ஸ்டேஷன் ஆளுதான்" என்று ஒரு பேச்சு கிளம்பியது.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு நாடகம் போட்டுவிட்டுத் திரும்பும்போது யாரோ வழிமறித்துக் கையை உடைத்துவிட்டார்கள். தேனி ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போனேன். அக்கறையும்தான், ஆழம் பார்க்கவும்தான். பழத்தை வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

"அடிச்சது யாருன்னு தெரியுமா வாத்தியாரே?"

"தெரியும்ணே."

"பேரைச் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"நான் வாயத் தெறக்கக் கூடாதுன்னுதான பாவம், அவரு அம்புட்டு மெனக்கெட்டு அடிச்சாரு. அந்த ஆசையவாச்சும் நெறவேத்துவோம்" என்றார். கட்டுப் போட்ட கையோடு சிரிக்கிறார்.

அடித்தவனையே காட்டிக் கொடுக்காதவன் என்றால் இரண்டில் ஒன்று. ஒன்று மகாத்மா. இல்லையென்றால் அடித்தவனிடம் ஏதோ வாங்கிக்கொண்டவன். மகாத்மாக்களை நான் மண்டியில் பார்த்ததில்லை. ஆள் விட்டு விசாரித்தேன். வாங்கியதாக ஒரு தடயமும் இல்லை. அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகப் போயிற்று.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு முல்லையாற்றங்கரையில் ஒரு கிணறு. என் திராட்சைத் தோட்டம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்து மேட்டில். ஆற்றுத் தண்ணீர் வயலுக்குத்தான், மேட்டுத் தோட்டத்துக்கு இல்லை என்பது சட்டம். கிணற்றிலிருந்து ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். அந்தக் கரையில் குழாய் பதிக்காத பெரிய மனிதர் ஒருவரைக் காட்டுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். எனக்கு இருந்த ஒரே சிக்கல், நான் பாசன சங்கத் தலைவராகவும் இருந்தேன். "கடைமடைக்குத் தண்ணீர் விடு" என்று மைக்கில் முழங்குகிறவன் நான்தான்.

குழாய் போகிற வழியில் ரோட்டோரம் ஒரு பிள்ளையார் கோயில். மோட்டார் ஓடுகிறதா, கரண்டு நின்றுவிட்டதா என்று பார்க்க அடிக்கடி கிணற்றுக்குப் போனால் நாலு பேர் கண்ணில் படும். கோயிலைச் சுற்றினால் யார் கேட்கப்போகிறார்கள்? பிள்ளையாருக்குப் பின்பக்கம் பாவியிருக்கும் கல்லுக்கு நேர் கீழே குழாய் வளைகிறது. அங்கே வெறுங்காலோடு நின்றால், தண்ணீர் ஓடும்போது உள்ளங்கால் குறுகுறுக்கும். தினமும் காலையில் போய் நிற்பேன். ஊரே என்னைப் பக்திமான் என்றது. விஷயம் தெரிந்தது என் மச்சினனுக்கு மட்டும். என் வீட்டுக்காரியின் தம்பி. குழாய் பதித்த அன்று கூட இருந்தவன். ஷெட்டுச் சாவியே அவன் கையில்தான். ஒரு சந்தோஷத்தில் நான்தான் அவனைக் கூட்டிப்போய் அந்தக் கல்லில் நிற்க வைத்து, "காலு என்ன சொல்லுது மாப்ள?" என்று கேட்டுச் சிரித்தேன்.

மழை பொய்த்துத் தண்ணீருக்கு அடிதடி நடந்த ஒரு வருஷம், எங்கள் ஊர் முத்தாலம்மன் பொங்கலுக்கு வாத்தியார் நாடகம். பந்தல் என் உபயம். பொழுது சாய்ந்ததும் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரு தலைவர் கடைமடைக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டுக் கோயிலுக்குப் போகிறார். சாமியைச் சுற்றிப் பின்னால் போய் நின்று, ஒரு காலை மாற்றி மறு காலை வைத்துக் கண்ணை மூடுகிறார். பபூன் ஓடிவந்து கேட்கிறான்:

"என்ன தலைவரே, முன்னாடி இருக்க சாமிய விட்டுப்புட்டுப் பின்னாடி வந்து நிக்கிறீக?"

"ஏலே, எனக்குப் பிள்ளையாரு காலு வழியாத்தான் பேசுவாரு."

"இன்னைக்கு என்ன சொல்றாக?"

"மோட்டார் ஓடுதாம்!"

கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. என் பக்கத்தில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள்.  என்னைச் சொன்னால் பரவாயில்லை. அந்தக் கல்லைச் சொல்லிவிட்டானே! அது யாருக்குத் தெரியும்?

சில நாளில் அதிகாரிகள் வந்து பிள்ளையாருக்குப் பின்னால்தான் முதலில் தோண்டினார்கள். குழாய் போனது, தலைவர் பதவி போனது, திராட்சைக் கொடி காய்ந்தது. தோட்டம் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளத் தெரிந்தவன் நான். என்னை அரித்தது அது இல்லை. என் வீட்டு உப்பைத் தின்றுகொண்டு எவன் போய்ச் சொன்னான் என்பதுதான். எந்தப் பக்கம் சுற்றினாலும் மச்சினனிடம்தான் போய் நின்றது. அவன் சாப்பிட உட்கார்ந்தால் பார்ப்பேன். போன் பேசினால் பார்ப்பேன். சிரித்தால், எதற்குச் சிரிக்கிறான் என்று இருக்கும். சிரிக்காவிட்டால் அதைவிட மோசம்.

என் வீட்டுக்காரிக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, அந்த மனுசன் செருப்பு போட்டு என்னைக்காச்சும் பாத்திருக்கீகளா?" என்றாள்.

"அதுக்கென்ன?"

"வெறுங்காலோட ஊரெல்லாம் நடக்குறவரு. உங்க காலுக்குத் தெரிஞ்சது அவரு காலுக்குத் தெரியாதாக்கும்? எந்தம்பியப் போட்டு ஏன் இப்படி மொறைக்கிறீக?"

நியாயமான பேச்சுத்தான். ஆனால் தம்பிக்காக அக்கா பேசுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நேரே வாத்தியாரின் மாடி அறைக்கு ஏறிப் போனேன். என் வாழ்க்கையில் ஒருவனைத் தேடி மாடிப்படி ஏறிக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

"வாத்தியாரே, சொன்னது யாருன்னு நான் கேக்க வரல. எம் மாப்ள இல்லேன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. எறங்கிப் போயிர்றேன்."

எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, இன்னைக்கு உங்க மாப்ள இல்லேம்பேன். நாளைக்கு உங்க மோட்டார்க்காரன் வந்து, எம் பேரையும் இல்லேன்னு சொல்லுங்கம்பான். அடுத்து பூசாரி வருவாரு. எல்லாருக்கும் இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே வந்தா, நான் எவன்கிட்ட வாய மூடுறனோ அவன் கழுத்துல கயிறு விழுந்துரும்ல?"

"அதெல்லாம் உங்க தொழில் ஞாயம். என் குடும்பம் ரெண்டா நிக்குது. அது உங்க ஒரு சொல்லுல இருக்கு."

"தெரியும்ணே." அவர் கண் கலங்கியிருந்தது. "அது தெரியாம இருந்தா எனக்கும் லேசா இருந்திருக்கும்."

"அப்ப மாப்ளதான்."

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லேன்னும் சொல்லலயே!"

செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் இறங்கிவிட்டேன்.

இன்றைக்கு இதைச் சொல்லும்போதும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. ஒரு குடும்பம் கண் முன்னால் பிரியும்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது பெரிய கொள்கையா, பெரிய கொடுமையா? படித்தவர்கள் யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் மச்சினனைக் கூப்பிட்டேன். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "நம்பிக்கை இல்லேன்னா நான் எதுக்கு மச்சான் இங்கன இருக்கணும்?" என்றான். "நீ சொன்னியா, இல்லையா?" என்று கேட்டேன். "கேக்குறதுக்கு முன்னாடியே நீங்க முடிவு பண்ணிட்டீக" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். ஷெட்டு வாசலில் பார்த்தால் வாத்தியார் நிற்கிறார், வெறுங்காலோடு, வெயிலில். ஒரு வார்த்தை பேசாமல் மச்சினனின் துணிப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அன்றைக்கு என் ஆள்களிடம் சொன்னேன். மச்சினன் குமுளிக்குப் போய், சுற்றுலாக்காரர்களுக்கு ஏலக்காயும் மிளகும் விற்கிற சின்னக் கடை ஒன்றைப் போட்டுக்கொண்டான்.

என் வீட்டுக்காரி சண்டை போடவில்லை, அழவில்லை. அன்றிலிருந்து எந்தச் சங்கதியையும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். தெருவில் யாருக்கு என்ன விசேஷம் என்று கேட்டால்கூட, "எதுக்கு? சொன்னா, உனக்கு யாரு சொன்னாகன்னு கேப்பீக" என்பாள்.

வாத்தியார் தொடர்ந்து எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் காலம் மாறிவிட்டது. எல்லோர் கையிலும் செல்போன் வந்தது. நாடகம் இருந்த இடத்தில் ஆடல்பாடல் வந்தது. அவரோடு யாராவது நின்று பேசினால், பேசியவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற வழக்கமும் வந்தது. நானும் விசாரித்திருக்கிறேன். வீரபாண்டித் திருவிழாவில் ஒருமுறை, அம்புட்டுக் கூட்டத்தில் அவரைச் சுற்றி மட்டும் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. அதைப் பற்றிக்கூட அந்தத் துவைகல்லை வைத்து ஏதோ வேடிக்கையாக எழுதியிருந்தார். சிரிப்பு வரவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், மழைக்காலத்தில் ஒரு காலை அவர் இறந்துபோன செய்தி வந்தது. நெஞ்சுவலி. கெங்குவார்பட்டியிலிருந்து அவருடைய அக்காவும், அந்த அக்கா மகனும், இரண்டு மூன்று பெண்களும் வந்திருந்தார்கள். வேறு உறவு இல்லை. கீழே வாசலில் கிடத்தியிருந்தார்கள்.

எதிரே டீக்கடை. அங்கே ஊரே நின்றது. பழைய சேர்மன், இன்றைய சேர்மன், கோயில் கமிட்டி, என்னைத் தலைவர் பதவியிலிருந்து இறக்கியவர், நான் எல்லோரும். ஒருத்தரும் ரோட்டைத் தாண்டவில்லை. ஏன் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. இத்தனை வருஷமாக அவரிடம் சொன்னது யார் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்தது. அவருக்கு எவன் முதலில் போய் மாலை போடுகிறானோ அவன்தான் சொன்னவன். அதைப் பார்க்கத்தான் எல்லோரும் வந்து நின்றோம்.

"அண்ணே, நீங்க போகலையா?" என்றார் இன்றைய சேர்மன்.

"ஏன், நீங்க போங்களேன். உங்களுக்குத்தான் பழக்கம் ஜாஸ்தி."

"எனக்கா? சும்மா பாத்தா சிரிப்பாரு, அம்புட்டுத்தான்!" என்று பதறினார்.

நேரம் ஆக ஆக வானம் கறுத்தது. அந்த அக்கா எழுந்து வாசலுக்கு வந்து எங்களைப் பார்த்தாள். "ஏய்யா, இத்தன ஆம்பளைக நிக்கிறீகளே, எந்தம்பியத் தூக்க நாலு தோளு இல்லையா?" என்றாள். எல்லோரும் டீக்கிளாசுக்குள் பார்த்தோம்.

அப்போது குமுளி பஸ் வந்து நின்றது. என் மச்சினன் இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. எங்கள் பக்கம் திரும்பாமல் நேரே போய் மாலையைப் போட்டுக் கும்பிட்டான். டீக்கடையில் ஒரு பெருமூச்சு. "பாத்தீகளா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒருவன் என் தோளைத் தட்டினான். மச்சினன் பாடையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றான்.

"நான்தான் சொன்னேன்னு ஊரே முடிவு பண்ணி வருசமாச்சு. எனக்கு இனிமே என்ன பயம்? ஒரு மூலைக்கு நான் இருக்கேன். மத்த மூணுக்கு யாரு?" என்றான்.

எவனும் அசையவில்லை. நான் எதற்குப் போனேன் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. பாரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் ஆளுக்காகக் காத்து நிற்பதை இந்த உடம்பு சும்மா பார்த்துக்கொண்டு நிற்காது. அது மண்டியில் பழகிய பழக்கம். கால் தானாக ரோட்டைத் தாண்டிவிட்டது. போய் அவனுக்கு எதிர் மூலையைப் பிடித்தேன்.

டீக்கடையில் கிளாசுகள் பெஞ்சில் இறங்கின. பிறகு சேர்மன் குரல் நன்றாகக் கேட்டது: "அடப்பாவி! அப்ப எல்லாத்தையும் சொன்னது அண்ணன்தானா? தன் குழாயத் தானே காட்டிக் கொடுத்துட்டு, நம்மளையும் சேத்துல்ல மாட்டிவிட்டிருக்காரு!"

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஆள் யார் என்று தெரிந்துவிட்டதால் மற்ற அத்தனை பேருக்கும் பயம் விட்டுப்போயிற்று. எல்லோரும் ரோட்டைத் தாண்டி ஓடிவந்தார்கள். "வாத்தியாரு எனக்கு எம்புட்டு வேண்டியவரு தெரியுமா!" என்று ஆளுக்கு ஆள் அழுதார்கள். மாலைக்கு ஆள் போனது, கொட்டுக்கு ஆள் போனது. தோள் கொடுக்கத் தள்ளுமுள்ளு. நான் ஒருவருக்கும் ஒரு பதிலும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பப்போவதில்லை. சுடுகாடு வரைக்கும் என் மூலையை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கவில்லை. மச்சினனும் கொடுக்கவில்லை.

எல்லாம் முடிந்து ஆற்றில் குளித்தோம். தண்ணீர் செம்மண் கலந்து ஓடியது. கூட்டம் என்னைவிட்டுத் தள்ளிப் போய்க் குளித்தது. மச்சினன் மட்டும் பக்கத்தில் நின்றான்.

"மச்சான், அந்தக் கல்லு விசயத்த வாத்தியாருகிட்ட..." என்று ஆரம்பித்தான்.

"வேணாம் மாப்ள. ஆமான்னாலும் சொல்லாத, இல்லேன்னாலும் சொல்லாத."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நானும் அவன் முகத்தைப் பார்த்தேன். ஆள்களை எடை போடுகிற இந்தக் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

"நாளைக்கு ஷெட்டுக்கு வந்துரு. சாவி அப்படியேதான் கெடக்கு" என்றேன்.

அவன் துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டினான்.

"எனக்கு அங்கன கடை இருக்கு மச்சான்" என்றான். கரையேறி, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தான்.